ஏறுறது வேற, பொருந்துறது வேற

போன எபிசோட்டின் கடைசியில் ஒரு கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவிட்டோம். கேட்டவர் ஸ்காபரோவில் இருக்கிற ஒரு தம்பி. அப்பா ஓடின 2018 ஹொண்டா சிவிக் செடான் இப்ப அவர் கைக்கு வந்திருக்கு. பகலில் அம்மா வேலைக்குக் கொண்டுபோவா, பின்னேரம் இவர் எடுப்பார். கிஜிஜியில் ஒரு செற் 18 இஞ்ச் வீல், ரயரோடு சேர்த்து, நல்ல விலைக்குப் போகுது. விளம்பரத்தில் இருக்கிற விவரம்: 18 × 8.5, ஒஃப்செற் +35, 5 × 114.3, ரயர் 235/45ஆர்18. விற்கிறவர் சொல்லுறது, "எல்லா ஹொண்டாவுக்கும் ஏறும் புரோ." தம்பி எங்களிட்டக் கேட்டது ஒரே ஒரு வரி: "அண்ணா, ஃபிட் ஆகுமா?"

ஏறும். பொருந்தாது.

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் இந்தக் கிழமைக் கடிதம். ஒரு வீல் டிரைவ்வேயில் வடிவாகப் பூட்டுப்படும், படம் எடுத்துப் போட நல்லாயும் இருக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போகேக்க, ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் பின்னுக்கு "கர்ர்" என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லுவேன், ஏனென்றால் தெரிந்துவிட்டது. உரசல் உள்பக்கத்தில் என்றால் ரேடியோச் சத்தத்துக்குள் அது கேட்கவே கேட்காது. ரயரின் உள்சுவர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போகும். வெளியால பார்த்தால் ரயர் புதுசு மாதிரியே இருக்கும். அந்த ரயர் வெடிக்கிற நேரம் காரை ஓடுறது நீங்களா அம்மாவா என்பது தெரியாது.

ஏறுமா?

இது சுகமான பகுதி. மூன்று விஷயம்தான்.

5 × 114.3 என்றால் ஐந்து ஸ்ரட், அந்த ஐந்தின் நடுவால ஒரு வட்டம் கீறினால் அதன் விட்டம் 114.3 மில்லிமீற்றர். அதாவது நாலரை இஞ்ச். சிவிக், அக்கோர்ட், கம்ரி, ராவ்4 என்று எங்கட சனம் ஓடுற கார்களில் பாதிக்கு மேல் இந்த அளவுதான். ஆனால் 2010களில் வந்த கொரோலாவுக்கு 5 × 100. ஹொண்டா ஃபிட்டுக்கு நாலு ஸ்ரட்தான், 4 × 100. அதனால் "எல்லா ஹொண்டாவுக்கும்" என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிஞ்சுது.

இரண்டாவது, வீலின் நடு ஓட்டை. இதில்தான் கனபேர் மாட்டுப்படுறது. மாமா கம்ரியை வித்துப்போட்டு அதின்ர வின்ரர் வீலை உங்களுக்குச் சும்மா தாறன் என்பார். போல்ட் அளவு ஒன்றுதானே, சிவிக்குக்குப் போடலாம் என்று நினைப்பீர்கள். கம்ரி வீலின் நடு ஓட்டை 60.1 மிமீ. சிவிக்கின் ஹப் 64.1 மிமீ. பெரிய தலை சின்னத் தொப்பிக்குள் போகாது. சில கராஜில் ஓட்டையைக் கொஞ்சம் ராவிப் பெருப்பிச்சுத் தரட்டோ என்றும் கேட்பார்கள். வேண்டாம். மாமாவுக்கு நன்றி சொல்லிப்போட்டு அந்த வீலை ஒரு கம்ரிக்காரருக்கு வில்லுங்கோ.

மறுபக்கம் பரவாயில்லை. கடையில் தனியாக விற்கிற வீல்களுக்கு ஓட்டை வேண்டுமென்றே பெரிசாக இருக்கும், 73.1 என்று அடிக்கடி பார்ப்பீர்கள். பல கார்களுக்கு ஒரே வீலை விற்கத்தான் அப்படி. நடுவில் மிஞ்சுற இடத்தை நிரப்ப ஒரு வளையம் போட வேணும், வெளியே 73.1, உள்ளே 64.1. அதில்லாமலும் வீல் பூட்டுப்படும். ஆனால் வீல் மயிரிழை அளவு விலகி உட்கார்ந்தாலே 100 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் நடுங்கும். நீங்கள் பாலன்ஸ் செய்தது சரியில்லை என்று ரயர் கடையோடு போய்ச் சண்டை பிடிப்பீர்கள். வளையம் அலுமினியத்திலும் வரும், பிளாஸ்ரிக்கிலும் வரும். பார்க்க அலுமினியம்தான் பெறுமதியாகத் தெரியும். எங்கட ஊர் ரோட்டு உப்பில் அது ஹப்போடு ஒட்டிப்பிடித்துக்கொண்டு, வசந்தத்தில் கழற்ற வராமல் நிற்கும். சாதாரணமாக ஓடுற காருக்கு நான் பிளாஸ்ரிக்கைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது, நட். சிவிக்குக்கும் கம்ரிக்கும் நட்டின் மரை ஒன்றே, 12 × 1.5. ஆனால் நட் போய் வீலில் உட்காருற முகம் வேற. ஹொண்டா கம்பனி வீலுக்கு அது பந்து மாதிரி உருண்டை. ரொயோட்டா கம்பனி அலோய் வீலுக்குத் தட்டை, வாசரோடு இருக்கும். வெளிக்கடை வீல் பெரும்பாலும் புனல் மாதிரிக் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக்குள் இறுக்கினால் இறுகின மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது முழு முகத்தாலும் பிடிக்காது, ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட ஓடத் தளரும். நட் ஒரு செற் பெரிய காசில்லை. வீல் வாங்குறபோதே அந்த வீலுக்குரிய நட்டைச் சேர்த்து வாங்குங்கோ.

தம்பியின் செற்றை இப்ப பாருங்கோ: போல்ட் அளவு சரி. நடு ஓட்டைக்கு வளையம் போடலாம். நட் மாற்றலாம். ஆகவே ஏறும். விற்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

பொருந்துமா?

இனி ஒஃப்செற். இதைத்தான் எபிசோட்டில் வாயால் விளங்கப்படுத்தப் போய் நேரம் முடிஞ்சது. எழுத்தில் சுகம்.

வீலை நிமிர்த்தி வைத்து, அகலத்தின் சரியான நடுவில் ஒரு கோடு போட்டதாக நினையுங்கோ. ஹப்போடு போய் ஒட்டுற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மிமீ தள்ளி இருக்கு என்பதுதான் ஒஃப்செற். +45 என்றால் அந்த முகம் 45 மிமீ வெளிப்பக்கமாக, அதாவது நீங்கள் பார்க்கிற பக்கமாக இருக்கு. முகம் வெளியே இருந்தால் வீலின் மிச்ச உடம்பு காருக்கு உள்ளே போகும். ஆகவே நம்பர் கூடக் கூட வீல் உள்ளே போகும், நம்பர் குறையக் குறைய வெளியே வரும். முதல் தரம் கேட்கேக்க எல்லாருக்கும் இது தலைகீழாகத்தான் படும். இரண்டு தரம் வாசியுங்கோ.

இனி கணக்கு. கிரேட் 5 கணக்குத்தான்.

அகலத்தில் பாதியை எடுங்கோ. அதிலிருந்து ஒஃப்செற்றைக் கழித்தால் ஹப்பிலிருந்து வெளியே எவ்வளவு நீட்டுது என்று வரும். அதோடு ஒஃப்செற்றைக் கூட்டினால் உள்ளே எவ்வளவு போகுது என்று வரும். பழைய வீலுக்கு ஒருக்கா, புது வீலுக்கு ஒருக்கா செய்து, வித்தியாசத்தைப் பாருங்கோ. அவ்வளவுதான்.

தம்பியின் காரில் கம்பனி போட்டது 16 × 7, +45, ரயர் 215/55ஆர்16. ஏழு இஞ்ச் என்பது 177.8 மிமீ, பாதி 88.9. வெளியே 43.9, உள்ளே 133.9. கிஜிஜி வீல் எட்டரை இஞ்ச், 215.9 மிமீ, பாதி கிட்டத்தட்ட 108. ஒஃப்செற் 35. வெளியே 73, உள்ளே 143. அதாவது ரிம்மின் விளிம்பு வெளிப்பக்கம் 29 மிமீ கூட வருது, உள்பக்கம் 9 மிமீ கூடப் போகுது.

29 மிமீ என்றதும் பயப்படாதேங்கோ, கதை இன்னும் இருக்கு. உரசுறது ரிம் இல்லை, ரயர். இந்தக் கணக்கைப் பலபேர் ரிம்மோடு நிற்பாட்டிவிடுவார்கள். ரயருக்கும் அதே கணக்கைப் போடலாம், அதின் அகலம் ஏற்கெனவே மிமீயில்தான் இருக்கு. 215இல் பாதி 107.5. வெளியே 62.5, உள்ளே 152.5. புது ரயர் 235இல் பாதி 117.5. வெளியே 82.5, உள்ளே அதே 152.5. ரயர் வெளியே 20 மிமீ கூட வருது, உள்ளே ஒன்றும் மாறவில்லை. ரயரில் எழுதியிருக்கிற அகலமும் உண்மை அகலமும் சில மிமீ முன்னபின்ன இருக்கும், ரிம் அகலமானால் ரயரும் கொஞ்சம் விரியும். என்றாலும் படம் தெளிவு: இந்தச் செற்றின் ஆபத்து உள்ளே இல்லை, வெளியே மட்கார்டில்.

அடுத்தது உயரம். 235/45ஆர்18 என்பதில் 45 என்பது நூற்றுவீதம். ரயரின் சுவர் உயரம், அகலத்தின் 45 வீதம். 235 × 0.45 = 105.75. மேலும் கீழும் இரண்டு சுவர், 211.5. ரிம் 18 இஞ்ச், 457.2. மொத்த விட்டம் 668.7 மிமீ. பழைய ரயர் அதே கணக்கில் 642.9. வித்தியாசம் நாலு வீதம். மீற்றர் 100 காட்டேக்க கார் உண்மையில் பழைய ரயரை விட 4 வீதம் கூட ஓடும். 401இல் ஏற்கெனவே விளிம்பில் ஓடுற ஆக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பொதுவாக 3 வீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுவார்கள். நான் 2 வீதத்தைத் தாண்ட மாட்டேன். ராவ்4, சுபாரு மாதிரி நாலு வீலும் இழுக்கிற கார் என்றால் நாலு ரயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். அதில் சமரசம் கூடாது, நடுவில் இருக்கிற பல்சக்கரங்கள் விலை கூடினவை.

உயரத்துக்கும் உரசலுக்கும் என்ன தொடர்பு? விட்டம் 26 மிமீ கூடினால் அச்சிலிருந்து எல்லாப் பக்கமும் 13 மிமீ கூடுது. மேலே மட்கார்டை நோக்கி 13, முன்னுக்குப் பம்பரை நோக்கி 13. அதோடு வெளியே 20. இரண்டும் சேர்ந்து வருகிற மூலை எது என்று யோசியுங்கோ. ஸ்ரியரிங்கை முழுக்க ஒடிக்கேக்க முன்வீலின் வெளி ஓரம் சுழன்று வருகிற அந்த வளைவு. அங்கே இருக்கிற பிளாஸ்ரிக் உறையில் ரயர் தேய்க்கும். பார்க்கிங் செய்யேக்கதான் முதலில் கேட்கும். அது எரிச்சல், ஆனால் ஆபத்துக் குறைவு.

பின்பக்கம் வேற கதை. பின்வீல் திரும்பாது, மேலே மட்டும்தான் போகும். தனியாக ஓடேக்க மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில் ஒரு கை போகும் இடம் இருக்கும். மூன்று பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் ஸ்பிரிங் இறங்கும், அந்த இடம் சுருங்கும். மட்கார்டின் உள் ஓரத்தில் தகடு மடிந்து கத்தி மாதிரி ஒரு விளிம்பு இருக்கு. வெளியே நீட்டின ரயர் மேலே போகேக்க அந்த விளிம்பில்தான் போய் அடிக்கும். பிளாஸ்ரிக் ரயரைத் தேய்க்கும். தகடு வெட்டும். அந்த விளிம்பைச் சுத்தியலாலும் உருளையாலும் உள்ளே மடிச்சுத் தருகிற ஆக்கள் இருக்கிறார்கள். கவனமாய்ச் செய்தால் வேலை செய்யும். ஆனால் பெயின்ற் வெடித்தால் எங்கட உப்பு இரண்டு வின்ரரில் அந்த இடத்தைத் தின்றுவிடும்.

உள்பக்க உரசலைத்தான் நான் எல்லாத்திலும் மோசமாகக் கருதுறேன். ஒஃப்செற் நம்பர் கூடின, அகலமான வீலைப் போட்டால் ரயரின் உள்சுவர் சஸ்பென்சன் குழாய்க்குக் கிட்டப் போகும். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாயும் அந்தப் பக்கம்தான். நின்ற காரில் 5 மிமீ இடம் இருக்கிற மாதிரித் தெரியும். வளைவில் வேகமாகத் திரும்பேக்க ரயர் வளைஞ்சு கொடுக்கும், அந்த 5 காணாமல் போகும். இதுக்கு சத்தம் இல்லை என்று மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, அப்ப 18 இஞ்ச் ஆசையைத் தம்பி விட்டுவிட வேணுமோ? இல்லை. அதே தலைமுறை சிவிக்கின் ஸ்போர்ட் ஹச்பாக்குக்கு ஹொண்டாவே போட்ட அளவைப் பாருங்கோ: 18 × 8, +50, ரயர் 235/40ஆர்18. கணக்குப் போட்டால் ரயர் வெளியே 5 மிமீ மட்டும் கூட வருது, உள்ளே 15 மிமீ கூடப் போகுது. விட்டம் 645.2, வித்தியாசம் அரை வீதம்கூட இல்லை. கம்பனிக்காரன் கூடின அகலத்தை எங்க ஒளிச்சிருக்கிறான் என்று விளங்குதா? உள்ளே. அந்தக் குடும்பக் காரில் உள்ளே இடம் இருக்கு, வெளியே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உங்கட கார் எதுவாக இருந்தாலும் முதலில் இதைத்தான் தேட வேணும்: இதே தலைமுறையில் கூடின விலை மாடலுக்குக் கம்பனி என்ன அளவு போட்டது? அதுக்குக் கிட்ட நின்றால் நித்திரை வரும். சஸ்பென்சன் பாகங்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறலாம் என்பதால் போட்டுப் பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஸ்பேசர் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 10 மிமீ ஸ்பேசர் என்றால் ஒஃப்செற்றை 10 குறைத்ததற்குச் சமம், வீல் அவ்வளவு வெளியே வரும். உள்ளே உரசினால் அது ஒரு மருந்து. ஆனால் ஸ்ரட் நீளம் அதேதான், ஆகவே நட் பிடிக்கிற மரை 10 மிமீ குறையும். 12 மிமீ தடிப்பு ஸ்ரட்டில் குறைந்தது 12 மிமீ மரையாவது நட்டுக்குள் இருக்க வேணும். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மிமீ என்றபடியால், கையால் சுற்றேக்க எட்டு முழுச் சுற்று. அதுக்கு முன்னம் நட் நின்றுவிட்டால் அந்த ஸ்பேசர் உங்களுக்கில்லை.

காரைப் பதிச்சு வைத்திருக்கிற ஆக்களுக்கு: மேலே உள்ள எல்லாத்திலும் இடத்தைக் குறைச்சுப் போட்டு வாசியுங்கோ. வசந்தம் வந்தால் ரொறன்ரோவைச் சுற்றியிருக்கிற பொலிஸ் பிரிவுகள் சேர்ந்து செய்கிற 'புரொஜெக்ற் இரேஸ்' உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வீல் நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டுற மாதிரி. இன்சூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தைச் சொல்லி வையுங்கோ. ஒரு அடிபாட்டுக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிக்கிறது நல்லதில்லை.

ஒரு நம்பர் கதையில் வராமலே போகப் பார்க்குது. 215/55ஆர்16 93 என்று ரயரில் கடைசியாக வாறது சுமைக் குறியீடு. 93 என்றால் ஒரு ரயர் 650 கிலோ தாங்கும். 18 இஞ்சுக்கு மாறேக்க 91 உள்ள ரயர் மலிவாகக் கிடைக்கும், அது 615 கிலோதான். அதே அளவில் 95 உள்ளதும் வருது, 690 கிலோ. கம்பனி நம்பருக்குக் கீழே போகாதேங்கோ. அந்த நம்பரும் காற்றழுத்தமும் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கு.

ஜனவரிக் கணக்கு

இதுவரை சொன்னதை கலிபோர்னியாவில் இருக்கிற ஒருவரும் எழுதலாம். எங்களுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கு. செப்ரெம்பரில் மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில் இருக்கிற இடம், ஜனவரியில் அதே இடம் இல்லை. 401இல் அரை மணித்தியாலம் சேற்றுப்பனியில் ஓடினால் வீலுக்குப் பின்னால அது அப்பி, −10இல் கல்லாகும். பிளாசாவில் இறங்கி அதைச் சப்பாத்தால் உதைத்து விழுத்துறது இங்கே எல்லாரும் செய்யிற உடற்பயிற்சி. கோடையில் 8 மிமீ இடத்தில் தப்பின செற் வின்ரரில் அந்த ஐஸ் கட்டியில் தேய்க்கும், சிலநேரம் ஸ்ரியரிங்கை முழுக்க ஒடிக்கவே விடாது.

அதனால் வின்ரருக்கு என்னுடைய சிபாரிசு வடிவில்லாதது: கம்பனி அளவில் மிகச் சின்ன ரிம், கறுப்பு ஸ்ரீல். தம்பிக்கு 16 × 7, 215/55ஆர்16. பிரேக் பெரிய மாடல் என்றால் சின்ன ரிம் பிரேக்கில் முட்டும், அதை மட்டும் பார்க்க வேணும். சுவர் உயரத்தையும் யோசியுங்கோ. இந்த ரயரில் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் 118 மிமீ ரப்பர் இருக்கு, 235/40இல் 94தான். மார்ச், ஏப்ரலில் பனி உருகி ரோட்டில் கிடங்கு விழுகிற காலத்தில் அந்த 24 மிமீதான் ஒரு ரிம்மின் உயிர்.

வின்ரர் ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1இலிருந்து, போட்டால் இன்சூரன்ஸ் கம்பனி கழிவு தர வேணும். எவ்வளவு என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், நீங்களாகக் கேட்டால்தான் பெரும்பாலும் வரும். ரயரில் மலைக்குள் பனிப்பூ அடையாளம் இருக்கா என்று பாருங்கோ. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் போனாலே கோடை ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பனி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னுமொன்று: "மொன்றியலுக்குப் போறதென்றால் வின்ரர் ரயர் இல்லாட்டி பொலிஸ் பிடிப்பான்" என்று ஒவ்வொரு நத்தாருக்கும் யாராவது ஒரு பெரியப்பா சொல்லுவார். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்ற அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிந்த கார்களுக்குத்தான். என்றாலும் பெரியப்பா சொன்னபடி போட்டுக்கொண்டே போங்கோ, ரோட்டுக்கு எந்த மாகாண நம்பர்த் தகடு என்று தெரியாது.

போட்டுப் பார்க்கிறது

ஓடின ரயரைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார். ஆகவே ரோட்டில் இறக்க முன்னம் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று பூட்டிப் பாருங்கோ. சின்னப்பிள்ளைகள் விளையாடுற பிளாஸ்ரிசினை ஒரு உருண்டை எடுத்து, உள்ளே சஸ்பென்சன் குழாயில் ரயருக்கு மிகக் கிட்டின இடத்தில் ஒட்டி, வீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கோ. நசிஞ்ச களியின் தடிப்புத்தான் உங்கட இடைவெளி. என் விரல் நுழையாத இடத்தை நான் இடம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பிறகு காரை இறக்கி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடிச்சு, ஒவ்வொரு முறையும் குனிஞ்சு பாருங்கோ. அலுப்பான வேலைதான். டோர்ச் வெளிச்சத்தில் பத்து நிமிசம்.

நாலையும் பூட்டின பிறகு ரயரின் தோளில் சோக்கால் குறுக்காகக் கோடு போடுங்கோ. மச்சான்மார் மூன்று பேரைப் பின்சீற்றில் ஏற்றி, பக்கத்துத் தெருவில் வேகத்தடுப்பு மேட்டுக்கு மேலால மெதுவாக ஓடுங்கோ. இறங்கிப் பார்க்கேக்க சோக் அழிஞ்சிருந்தால் எங்க உரசுது என்று அந்த அழிச்ச இடமே சொல்லும். தனியாக ஓடிப் பார்த்துவிட்டு "ஒண்டும் இல்லை" என்று சொல்லுறது சோதனை இல்லை.

நட்டை இழுவை அளக்கிற ரோர்க் சாவியால் இறுக்குங்கோ. சிவிக்குக்கு 108 நியூற்றன் மீற்றர், கம்ரிக்கு 103. மற்றக் கார்களுக்கு கைநூலில் இருக்கு. ஹப்பில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டிப்போட்டுப் பூட்டுங்கோ, இல்லாட்டி வீல் துருவுக்கு மேல் உட்காரும், துரு நொருங்க நட் தளரும். 100 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ. ரயர் கடைச் சிட்டையில் அடியில் சின்ன எழுத்தில் இதைத்தான் போட்டிருப்பார்கள், ஒருவரும் வாசிக்கிறதில்லை.

தம்பிக்கு: அந்தச் செற்றை விடுங்கோ. 18 × 8, +45க்கும் +50க்கும் நடுவில், 235/40 ரயரோடு இன்னொன்று வரும். வந்தால் விற்கிறவருக்கு இதை அனுப்புங்கோ: "ரிம்மின் பின்பக்கத்தில் அச்சடிச்சிருக்கிற அகலமும் ஒஃப்செற்றும் தெரியிற மாதிரி ஒரு படம். நடு ஓட்டை எத்தனை மிமீ? நட் கூம்போ உருண்டையோ? ரயர் பக்கத்தில் நாலு இலக்கத்தில் இருக்கிற தயாரிப்புக் கிழமையும் வருசமும் தெரியிற மாதிரி இன்னொரு படம். வீல் எதிலாவது வெடிப்பு ஒட்டினதா, நெளிவு எடுத்ததா?" படம் அனுப்பச் சுணங்குறவரிட்ட வாங்காதேங்கோ.

மற்ற ஆக்களும் உங்கட காருக்குக் கேள்வி அனுப்பலாம். காரின் வருசம், மாடல், கதவுத் தூணில் இருக்கிற அளவு, வாங்க நினைக்கிற வீலின் நாலு நம்பர். "அண்ணா, ஃபிட் ஆகுமா?" என்று மட்டும் வந்தால், நம்பரைக் கேட்டுத் திரும்ப எழுதுவோம்.